தென்னையை அறுக்க எந்த ரம்பம்?

கேள்வி: வாடல் நோய் வந்த பழைய தென்னைகளை வெட்டப் போகிறோம். கட்டுத்தரைக் கொட்டகைக் கூரைக்குக் கைமரமும் (சரிவாகப் போடும் மரம்) ரீப்பரும் (அதன் மேல் குறுக்கே அடிக்கும் சட்டம்) அதிலேயே எடுக்க ஆசை. சாமில்லில் கேட்டால், “தென்னையா, பிளேடு போயிருமுங்க” என்கிறார்கள். செயின்சாக்காரர் தோப்பிலேயே அறுத்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்? – ஆனைமலைப் பக்கத்து வாசகர்

பதில்: மில்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேக்கிலும் வேம்பிலும் வைரம், அதாவது கெட்டியான பகுதி, நடுவில் இருக்கும். தென்னையில் அது பட்டையை ஒட்டிய வெளிவட்டத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது வெறும் சோறு, மெத்தென்ற பகுதி. வெட்டுமுகத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும் நார்க்கட்டுகள் சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய ரம்பம் சூடேறிக் கோட்டை விட்டு விலகும், பலகை அலை அலையாக வரும்.

அதனால் மில்லில் முதலில் பல்லைப் பற்றி விசாரியுங்கள். பல்முனையில் ஸ்டெல்லைட் என்ற கடினமான உலோகக் கலவை வைத்த பேண்ட்சா (வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பம்) அல்லது டங்ஸ்டன் கார்பைடு வைத்த வட்ட ரம்பம் இருந்தால் தைரியமாக ஏற்றலாம். இரண்டும் கிடைத்தால் பேண்ட்சாவையே எடுங்கள். அது ஒரு அறுப்புக்கு 2, 3 மி.மீ. மரத்தைத்தான் தூளாக்கும். மில்லில் ஓடும் பெரிய வட்ட ரம்பம் 5, 6 மி.மீ. தின்னும். செயின்சாவுக்கு 8 மி.மீ.க்குக் குறையாது, நாலு அறுப்பு போட்டால் 3 செ.மீ.க்கு மேல் போய்விடும், அது ஒரு ரீப்பரின் கனம். வைரம் சில அங்குலமே உள்ள மரத்தில் இந்த நஷ்டம் தாங்காது.

செயின்சா மரத்தைச் சாய்க்கவும் துண்டு போடவும் அருமையான கருவி. ஆனால் அதில் வழக்கமாக மாட்டியிருக்கும் சங்கிலி குறுக்கே வெட்டுவதற்கானது. பல் 30 பாகை வாக்கில் சரிந்திருக்கும். நீளவாக்கில் கிழிக்க 10 பாகையில் தீட்டிய தனிச் சங்கிலி வேண்டும். அது இல்லாமல் பலகை போட்டால் எந்திரமும் திணறும், பலகையும் சொரசொரப்பாக வரும்.

மில்லுக்கு ஏற்றும் முன் மரத்தில் ஆணி, கம்பி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். போர்டு மாட்டிய ஒரே ஒரு ஆணி போதும், பிளேடு அறுந்து ஆளையே அடித்துவிடும். வெட்டிய சில நாட்களுக்குள் பச்சையாகவே அறுத்துவிடுங்கள். காய்ந்தால் பல்லுக்கு இன்னும் கஷ்டம், ஈரத்தோடு கிடந்தால் பூசணம் பிடிக்கும். அடித்துண்டில்தான் வைரம் அதிகம், கைமரத்துக்கு அதை ஒதுக்குங்கள். ஒரு பக்கம் பலகை எடுத்து, சோறு தெரிந்ததும் துண்டைத் திருப்பி அடுத்த பக்கத்தை அறுக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் நடுப்பலகைகளில் பாதி வைரமும் பாதி சோறுமாக வரும், காயும்போது கோணும். நடுத்தண்டை அடுப்புக்கு விட்டுவிடலாம்.

அப்புறம் கொட்டகையில் அளவுக்கு வெட்ட, கையில் பிடிக்கும் சர்க்குலர் சா போதும். குறுக்கு வெட்டுக்கு 40 பல் கார்பைடு பிளேடு, நீளவாக்குக்கு 24 பல். தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கைமரம், ரீப்பர் வரைக்கும் தென்னை சரி. தூணாக மட்டும் மண்ணில் நடாதீர்கள், சீக்கிரம் இற்றுப்போகும். தூணுக்குக் கல்லோ சிமெண்டோ வையுங்கள்.