அனுசரணை தரும் கொம்பனியின் முகவர் என் மச்சான்: பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டுமா?

பசளை ஆய்வுக்குக் காசு தரும் கொம்பனியின் யாழ்ப்பாண முகவர் உங்கள் மச்சான், சொன்னால் நிதி போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். உறவு இருப்பது குற்றமே இல்லை. மறைத்தால்தான் வில்லங்கம்.

பல வருடங்களுக்கு முன், நான் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, கோப்பாய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் திரவப் பசளை ஒன்றைப் பரிசோதித்தோம். வெங்காயம் பிடுங்கி நிறுத்த அன்று, கொம்பனிப் பசளை போட்ட ஒரு பாத்தியில் பாதி அழுகிக் கிடந்தது. "அது தண்ணி நிண்ட பாத்தி, கணக்கில சேர்க்காதையும்" என்றார் பொறுப்பாக இருந்தவர். தண்ணீர் நின்றது உண்மைதான். ஆனால் வழமையான பசளை போட்ட பக்கத்திலும் ஒரு பாத்தியில் தண்ணீர் நின்றிருந்தது. அதை நிறுத்துக் கணக்கில் சேர்த்தோம். அறிக்கையில் கொம்பனிப் பசளை வென்றது. அந்தக் கொம்பனியின் முகவர் அவருடைய நெருங்கிய சொந்தம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் வேண்டுமென்று பொய் செய்தார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. சொந்தம் என்றால் கண் தானாகச் சாயும்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை தன் நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு 1995இல், ஆய்வாளரின் சொந்தக் காசு நலன் ஆய்வைச் சாய்க்காமல் இருக்க, விதி கொண்டுவந்தது. 2011இல் அதை இறுக்கி, இவ்வளவுக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்ற எல்லையை 10,000 டொலரிலிருந்து 5,000 ஆகக் குறைத்தார்கள். கணவன் அல்லது மனைவி, தங்கி வாழும் பிள்ளைகள் ஆகியோரின் வருமானமும் பங்குகளும் அந்தக் கணக்கில் வரும். மச்சான் வரமாட்டார். ஆனால் எங்கள் ஊரில் மச்சானின் வியாபாரமும் வீட்டுக் காசும் எவ்வளவு கிட்ட என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அந்தப் பட்டியலில் இல்லை என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

சரி, சொன்ன பிறகு என்ன? நிறுப்பதும் பாத்தியை விலக்குவதும் உங்கள் கையில் இருக்கக்கூடாது. போத்தல்களில் இலக்கம் மட்டும் ஒட்டுங்கள். எந்த இலக்கம் எந்தப் பசளை என்ற கடதாசியை உறையில் மூடி, வேறு துறையில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எந்தப் பாத்தியை எந்தக் காரணத்துக்காக விலக்கலாம் என்பதை வெங்காயம் நடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். எங்கள் கோப்பாய்ப் பிழை முழுக்க அங்கேதான் நடந்தது. முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மாணவர் ஒருவரின் பட்டம் இந்த ஆய்வில் தங்கியிருந்தால் மேற்பார்வைக்கு இன்னொருவரையும் கேளுங்கள். கட்டுரையிலும் உறவைக் குறிப்பிடுங்கள்.

அப்புறம், தோட்டக்காரருக்கும் சொல்லுங்கள். கோப்பாய் ஐயா எங்கள் அறிக்கையை நம்பி, அடுத்த போகத்துக்கு அந்தப் பசளையைத் தன் காசில் வாங்கிப் போட்டார். விஷயம் தெரிந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "முதலே சொல்லியிருந்தா நானே தராசைப் பிடிச்சிருப்பனே, தம்பி?"