வழிகாட்டி கூட வந்தால் போதுமா?

கேள்வி: ரிசார்ட்டில் நடுத்தரக் கடினமான சிவப்புப் பாதைகளில் தடுமாறாமல் ஸ்கீ (பனிச்சறுக்கு) செய்வேன். ஆல்ப்ஸில் ஷமோனியிலிருந்து செர்மாட் வரை போகும் ஓட் ரூட் பயணத்தில் வழிகாட்டியோடு சேர்ந்து, போகிற வழியிலேயே ஸ்கீ மலையேற்றம், அதாவது ஸ்கீயிலேயே மலையேறி இறங்குவதை, கற்றுக்கொள்ளலாமா?

பதில்: முதல் பயணமாக அது வேண்டாம். ஓட் ரூட்டில் ஒவ்வொரு நாளும் இரவு தங்கும் அடுத்த மலைக்குடிலுக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். கடைசி நாள் விஞ்ஞெட் குடிலிலிருந்து மூன்று கணவாய்களைத் தாண்டினால்தான் செர்மாட். நீங்கள் தாமதித்தால் குழுவே தாமதிக்கும். வெயில் ஏற ஏற பனி இளகி, சரிவுகள் ஆபத்தாகும்.

ஒரே குடிலில் தங்கிப் பழகும் வாரமாகத் தேர்ந்தெடுங்கள். ஆஸ்திரியாவின் சில்வ்ரெட்டா மலைகளில் உள்ள யாம்டால் குடில் இதற்கு நல்ல இடம். பாதி மூட்டையைக் குடிலிலேயே வைத்துவிட்டுப் போகலாம், முடியாவிட்டால் ஒருநாள் ஓய்வும் எடுக்கலாம்.

அங்கே உங்களைப் படுத்தப்போவது கிக் டர்ன் என்ற திருப்பம். ஸ்கீயின் அடியில் பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கும் பட்டையான ஸ்கின்னை ஒட்டி, வளைந்து வளைந்து ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இது வரும். மேல்பக்க ஸ்கீயைப் புதிய திசைக்குத் திருப்பி வைத்து, உடல் எடையை அதன்மேல் மாற்றுங்கள். அப்புறம் பின்தங்கிய காலை இழுக்காதீர்கள். இழுத்தால் ஸ்கீயின் முனை பனியில் சிக்கும். குதிகாலைப் பின்னுக்கு ஒரு தட்டுத் தட்டினால் முனை எழும்பும், அப்போது சுற்றிக் கொண்டுவாருங்கள். இதைச் சமதளத்திலேயே பழகிவிட்டுப் போனால் வழிகாட்டி உங்களை வாழ்த்துவார்.

இறங்கக் கற்றுத்தருவார் என்று மட்டும் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். வழி, பனியின் நிலை, திரும்ப வேண்டிய நேரம் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். முதுகில் எட்டுப் பத்துக் கிலோ சுமையோடு, மேலே ஓடு கட்டி உள்ளே நொறுங்கும் பனியில் விழாமல் இறங்க அவரால் ஒரு வாரத்தில் சொல்லித்தர முடியாது. ரிசார்ட்டில் செப்பனிடாத ஓரங்களில் பையோடு இறங்கிப் பழகுங்கள். அழகாக இறங்க வேண்டியதில்லை, விழாமல் வந்தால் சரி.

பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி), பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். பனிச்சரிவில் புதைபவர் வழிகாட்டியாகவே இருந்தால் தோண்டப்போவது நீங்கள்தான். முதல் பத்து நிமிடங்களில் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். ஹெலிகாப்டர் அதற்குள் வராது.

முன்பணம் கட்டும் முன் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். கற்றுக்கொள்ளும் வாரத்துக்கு ஆறு பேருக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.