மன்னார் மடுத் திருத்தலத்து மாதாவுக்கு மட்டும் ஏன் ஆடியிலும் (யூலை) ஆவணியிலும் (ஓகஸ்ட்) திருவிழா?

புனிதர்களின் திருநாள் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாள்தான். விண்ணகத்தில் பிறந்த நாளாகத் திருச்சபை அதைக் கொள்கிறது. அந்தோனியாருக்கு ஆனி 13 (யூன் 13) அப்படி வந்தது. மாதாவுக்கோ வாழ்வின் முக்கிய நிகழ்வுகளுக்குத் தனித்தனி நாட்கள் உண்டு.

ஆவணி 15, அதாவது ஓகஸ்ட் 15, விண்ணேற்பு: மாதா விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதன் திருநாள். சரி, ஆடி 2? அது மரியாள் எலிசபெத்தைச் சந்தித்ததை நினைவுகூர்ந்த பழைய நாள். 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அதை வைகாசி 31க்கு (மே 31) மாற்றிவிட்டார்கள். மடு மாறவில்லை. 1924 ஆடி 2இல் அன்னைக்கு முடிசூட்டிய இடமல்லவா, அந்த நாளை எப்படி விடுவது?

போவதென்றால் கொடியேற்றத்தோடேயே போங்கள். ஒன்பது நாள் செபமான நவநாள் முழுக்கக் காட்டு மரநிழலில் சமைத்துத் தங்கிச் செபிக்கிற வன்னிச் சனங்களோடு இருந்தால்தான் திருவிழா மனதில் இறங்கும்.