500 ஆண்டுப் பழைய ஓவியத்துக்கு யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: லியொனார்டோ வரைந்த ஜினேவ்ரா தே பென்சி உருவப்படம் பற்றிய என் கட்டுரையை ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நான்கு படங்களுக்கும் அனுமதி ஆவணம் கேட்கிறார்கள்: ஓவியத்தின் முன்பக்கம், பின்பக்கம், ஒப்பீட்டுக்காகப் பெத்ருஸ் கிறிஸ்துஸ் வரைந்த 'கார்த்தூசியத் துறவி' ஓவியம், லியொனார்டோவின் குரு வெரோக்கியோவின் மலர்க்கொத்து ஏந்திய பெண் சிலை. ஒரு பட ஏஜென்சி நான்குக்கும் சேர்த்துச் சொன்ன தொகை என் உதவித்தொகையைவிட அதிகம். என்ன செய்ய?

பதில்: ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் நான்கில் மூன்று இலவசம். தலைவலி சிலை மட்டும்தான்.

ஜினேவ்ரா இருப்பது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில். 2012 முதல் தன் பழைய ஓவியங்களின் படங்களை அது இலவசமாகத் தருகிறது. கார்த்தூசியத் துறவி (1446) நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். அங்கே 2017 பிப்ரவரியிலிருந்து அதே வசதி. தனிக் கடிதம் கேட்டு அலைய வேண்டாம். அந்தந்தப் படத்தின் பக்கத்தையும் அருங்காட்சியகத்தின் பயன்பாட்டு விதியையும் பிடிஎஃப் ஆக்கி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால் பெரும்பாலும் போதும்.

இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அச்சில் 15 செ.மீ. அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், சுமார் 1,772 பிக்சல் தேவை. துறவி படத்தில் வரைந்த சட்டத்தின் கீழ்விளிம்பில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறதே, அதை மட்டும் வெட்டிப் போடுவதானால் வெட்டிய துண்டுக்கே அத்தனை பிக்சல் இருக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஓவியத்தின் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. தட்டையான ஓவியத்தை அப்படியே பிரதியெடுக்கும் போட்டோவுக்குப் புதிய உரிமை பிறக்காது என்று 1999-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணையும் அதே வழிதான். சிலை கதை வேறு. வெளிச்சம் எங்கிருந்து, கோணம் எது என்று போட்டோக்காரர் முடிவெடுக்கிறார், ஆகவே அந்தப் போட்டோ அவருடைய படைப்பு. அதற்கு மேல், வெரோக்கியோவின் சிலை ஃப்ளாரன்ஸின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில், அதாவது இத்தாலிய அரசின் பொறுப்பில் இருக்கிறது. அந்நாட்டின் 2004 பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை இல்லாத பொருளின் படத்துக்கும் அருங்காட்சியகத்தின் அனுமதி வாங்க வேண்டும். 2023-இல் குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்தார்கள். ஆய்வாளர்கள் கொதித்தெழுந்த பிறகு 2024-இல் ஆய்வு வெளியீடுகளுக்கு விலக்கு வந்தது. கட்டணம் இல்லாவிட்டாலும் எழுதிக் கேட்டுவிடுங்கள், இன்றைக்கே. இத்தாலிய மொழியில் நாலு வரி போதும்: இதழின் பெயர், கட்டுரைத் தலைப்பு, எத்தனை பிரதி, இணையத்திலும் வருமா. "அச்சு, இணையம் இரண்டுக்கும், கால வரம்பின்றி" என்ற சொற்கள் அனுமதியில் இருக்கட்டும்.

நண்பர் ஃப்ளாரன்ஸ் போனபோது எடுத்த படம் கிடைத்தால் ஏஜென்சியே வேண்டாம். அவருடைய எழுத்துபூர்வச் சம்மதமும் அருங்காட்சியக அனுமதியும் சேர்ந்தால் ஆயிற்று. செலவுக்கு அஞ்சிச் சிலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஜினேவ்ரா ஓவியம் வரைந்த மரப்பலகையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. அதில் கைகள் இருந்திருக்கும் என்ற வாதத்துக்கு அந்தச் சிலையின் கைகள்தான் முக்கியத் துணை.

படக்குறிப்பில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பதிவு எண்ணைப் போட்டுவிட வேண்டாம். முன்பக்கம் 1967.6.1.ஏ, பின்பக்கம் 1967.6.1.பி, ஏ, பி இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில்.