பீர் பெட்டிக்கு அடியில் ஒரு மூளை

கேள்வி: மனிதன் தன் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறானாம். ஐன்ஸ்டீன் மட்டும் கூடுதலாகப் பயன்படுத்தினாராம். எனக்கு 62 வயது, ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் மூளையை வளர்க்க முடியுமா? (மன்னார்குடி வாசகர்)

பதில்: உடம்பின் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அதுவே தின்றுவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடந்தும் படியளந்துகொண்டே இருக்க நம் உடம்பு என்ன அரசு வாரியமா? பக்கவாதத்தில் மூளையின் சிறு பகுதி பழுதானாலே பேச்சு போய்விடுகிறது. அந்த 10 சதவீதத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஐன்ஸ்டீனைச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் நல்ல கதை இருக்கிறது. 1955 ஏப்ரலில் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் அவர் காலமானார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் ஹார்வி, குடும்பத்தாரைக் கேட்காமலே மூளையை எடுத்து வைத்துக்கொண்டார். மகனின் சம்மதம் அப்புறம்தான் கிடைத்தது. அதை 240 துண்டுகளாக வெட்டினார். வேலை போனது, துண்டுகள் மட்டும் அவரோடு ஊர் ஊராக அலைந்தன. 1978இல் ஸ்டீவன் லெவி என்ற நிருபர் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் அவரைத் தேடிப் பிடித்தார். பீர் வைக்கும் குளிர்பெட்டிக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார் டாக்டர். உள்ளே இருந்த ஜாடியில் சார்பியல் கொள்கை! அந்த மூளையின் எடை 1,230 கிராம். சராசரி ஆணின் மூளையைவிடக் கொஞ்சம் குறைவுதான்.

மூளையின் பருமன் வளர்ச்சி ஆறு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நெற்றிக்குப் பின்னால் உள்ள, முன்பின் யோசிக்கும் பகுதி பக்குவப்பட இருபத்தைந்து வயதாவது ஆகும். நாமோ பதினேழு வயதில் ஒரு தேர்வை வைத்துப் பிள்ளையின் தலையெழுத்தையே முடிவு செய்கிறோம். இதை நான் எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லண்டனில் டாக்ஸி உரிமம் வாங்க சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். எலினார் மகுவையர் என்ற விஞ்ஞானியும் அவரது சகாவும் பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தேறியவர்கள் 39 பேர். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் அவர்களுக்கு மட்டும் பெருத்திருந்தது. எல்லாரும் வளர்ந்த ஆட்கள், பள்ளிப் பிள்ளைகள் அல்ல. அதனால் நீங்களும் அடியோடு தெரியாத ஒன்றைத் தப்புத் தப்பாகவாவது ஆரம்பியுங்கள்: மிருதங்கம், வங்காள மொழி, எதுவானாலும் சரி. செல்போனில் 'மூளைப் பயிற்சி' விளையாட்டு மட்டும் வேண்டாம். அப்படி விற்ற லுமோசிட்டி நிறுவனம் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசு அமைப்பு குற்றம்சாட்ட, 2016இல் 20 லட்சம் டாலர் கட்டியது.

குறுக்கெழுத்து போட்டால் என்ன என்று கேட்பீர்கள். குறுக்கெழுத்து நன்றாகப் போட வரும், அவ்வளவுதான். 'மூளைக்கு உதவாத புதிரை எதற்கு இவ்வளவு கடினமாகப் போடுகிறீர்கள்?' என்று, நான் தயாரிக்கும் குறுக்கெழுத்தை எளிதாக்கச் சொல்லி மாதம் தவறாமல் எழுதும் சேலத்து அன்பர் இப்போது மடக்குவார். மடக்கட்டும். எளிதாக்குவதாக இல்லை.