"95 சதவீதத் துல்லியம்" என்றால் வாங்கிவிடலாமா?

கேள்வி: எங்களுடையது சிறிய மருத்துவமனை. ரேடியாலஜிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோய்ச் சந்தேகத்தைச் சொல்லும் ஏஐ மென்பொருளுக்கு 95 சதவீதத் துல்லியம் என்கிறது ஒரு நிறுவனம். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த 95ஐ முதலில் ஓரமாக வையுங்கள். நூறு பேரில் ஒருவருக்குத்தான் நோய் என்றால், வந்தவர்கள் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'நோயில்லை' என்று சொல்லும் மென்பொருளுக்குக்கூட 99 சதவீதத் துல்லியம் வந்துவிடும். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டுமே 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேரில் 10 பேருக்குக் காசநோய். மென்பொருள் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சந்தேகிக்கும். ஆக 108 பேருக்குச் சளிப் பரிசோதனை, நோய் உறுதியாவது 9 பேருக்கு. இது மோசமில்லை, 1,000 பேரையும் பரிசோதிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் லேப் அந்த 108ஐத் தாங்குமா?

இத்தகைய மென்பொருள்கள் பொதுவாக ஒரு மதிப்பெண் தரும். எதற்கு மேல் சந்தேகம் என்ற எல்லையை நீங்கள்தான் வைக்க வேண்டும். முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரல் தழும்பையும் அது நோய் என்று காட்டக்கூடும். அப்படிப்பட்டவர்கள் நிறைய வருகிற இடத்தில் நிறுவனம் சொன்ன எல்லை சரிப்படாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இவ்வகை மென்பொருளைப் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான்.

விற்பவர் சொல்லும் எண்ணுக்கும் நடப்புக்கும் உள்ள தூரத்துக்கு ஓர் உதாரணம்: மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனம் எபிக். தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸ் பற்றி எச்சரிக்கும் அதன் மென்பொருளை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை அடித்தும், செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது.

அதனால் வாங்கும் முன் ஓரிரு மாதம் உங்கள் எக்ஸ்ரேக்களிலேயே ஓட்டிப் பாருங்கள். முடிவை மருத்துவர்களுக்குக் காட்டாதீர்கள். சிகிச்சை வழக்கம்போல் நடக்கட்டும். அப்புறம் லேப் முடிவோடு ஒப்பிடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: மென்பொருள் சந்தேகப்பட்டவர்களை மட்டும் பரிசோதித்தால், அது விட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். 'இல்லை' என்று சொன்னவர்களிலும் ஒரு பகுதியினருக்குச் சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். படுக்கை அருகே எடுக்கும் போர்ட்டபிள் எக்ஸ்ரேக்களைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

இந்தச் சோதனைக்கே நிறுவனம் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். சம்மதித்தால், மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பதிப்பு மாறினால் மதிப்பெண்ணும் மாறலாம், எல்லையை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

ரேடியாலஜிஸ்டின் இரண்டு நாளைக் குறைத்துவிடாதீர்கள். காசநோயைத் தேடும் மென்பொருள், பக்கத்திலேயே கட்டி இருந்தாலும் வாய் திறக்காமல் போகலாம்.