வீட்டு விமான சிமுலேட்டருக்குத் துணை மென்பொருள் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: சாதாரண கணினி ஒன்றும் ஒரு ஜொய்ஸ்டிக்கும் வைத்து மைக்ரோசொப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுகிறேன். கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சீரமைக்க, வரைபடம் பார்க்க, உண்மையான வானிலையைக் கொண்டுவர என்று தனித்தனியாக மென்பொருள்கள் விற்கிறார்கள். இவை உண்மையில் பயன்படுமா, அல்லது வீண் செலவா?

பதில்:

என் வீடு மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. ஜன்னல் கம்பி தொடங்கிச் சைக்கிள் சங்கிலி வரை எல்லாம் துருப்பிடிக்கும் ஊர். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் ஏறக்குறைய வாங்கிவிட்ட முதல் துணை மென்பொருளுக்கும் இந்த உப்புக் காற்றுக்கும் தொடர்பு இருக்கிறது.

2022இன் தொடக்கம். திமிலைதீவில் இருக்கும் நம் மட்டக்களப்பு விமான ஓடுதளத்தில் செஸ்னா கேரவன் என்ற சிறிய விமானத்தை இறக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். ஓடுதளத்தை நெருங்கும் நேரம் பார்த்து, கையே அசையாதபோது மூக்கு இடப்பக்கம் வெட்டி இழுக்கும். சரிசெய்தால் வலப்பக்கம் வெட்டும். இரண்டு வாரம் இப்படியே போனது. இணையத்தில் தேடியபோது எல்லோரும் எஃப்எஸ்யூஐபிசி என்ற பெயரைச் சொன்னார்கள். சிமுலேட்டருக்கும் வெளியில் இருக்கும் கருவிகளுக்கும் இடையில் நின்று பேசும் பழைய, மதிப்பான மென்பொருள் அது. மற்ற நிரல்கள் சிமுலேட்டரோடு பேசுவதற்கான பகுதி இலவசம். ஜொய்ஸ்டிக் அச்சுகளை நுணுக்கமாக அளவிட்டு அமைப்பது போன்றவை பதிவுக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு.

வாங்கலாமா விடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நாட்டின் கதை மாறிவிட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. மென்பொருளின் விலை மாறவே இல்லை, என் சம்பளம்தான் பாதிக்குப் பக்கமாகக் கரைந்தது. மின்வெட்டு வேறு. ஆசையை ஒத்திவைத்தேன்.

அந்த இடைவெளியில், காத்தான்குடியில் வானொலி, அம்ப்ளிஃபயர் திருத்தும் நானா ஒருவரிடம் வேறு வேலையாகப் போயிருந்தேன். பேச்சு ஜொய்ஸ்டிக் பக்கம் திரும்பியது. "கொண்டு வாருங்கள் தம்பி, திறந்து பார்ப்போம்" என்றார். திறந்தார். வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்குமே, அதே வகை மின்தடைதான் உள்ளே இருந்தது. அதில் உப்பும் தூசியும் படிந்திருந்தன. துப்புரவுத் திரவத்தை இரண்டு தடவை அடித்துவிட்டு இருபது தடவை முன்னும் பின்னும் ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு பிளேன்டீக்கு மேல் எதுவும் வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மென்பொருளை வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நடுப்பகுதியில் சிறு அசைவுகளைக் கண்டுகொள்ளாத ஒரு வெற்று வலயத்தை அகலமாக வைத்து, அந்த வெட்டலை மறைத்திருப்பேன். இறங்கும்போது தேவைப்படுவதோ அந்தச் சின்னச் சின்ன அசைவுகள்தான். நோய் உள்ளேயே இருக்க, விமானம் மந்தமாகியிருக்கும். அந்த வெற்று வலய அமைப்பும் சிமுலேட்டருக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதன் பிறகு ஒரு கொப்பி போட்டேன். பறந்து முடிந்ததும், எரிச்சல் ஏதாவது இருந்தால் திகதியோடு ஒரு வரி. ஒரே எரிச்சல் மூன்று வெவ்வேறு நாட்களில் எழுதப்பட்டால்தான் அதற்கான மருந்தைத் தேடுவது. முதலில் இலவச மருந்து, பிறகு காசு கொடுக்கும் மருந்து. விளம்பரக் காணொளி பார்த்த இரவில் வரும் ஆசை இந்தக் கொப்பியில் ஏறாது. முன்பின் அறியாத ஒரு குறையை அந்தக் காணொளி நமக்குக் கற்றுக்கொடுத்து, அதற்குத் தீர்வையும் விற்கிறது.

இந்த வழியில் அதே எஃப்எஸ்யூஐபிசியை 2023இல் காசு கொடுத்து வாங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். அப்போது எரிச்சல் வேறு. பழைய ஜொய்ஸ்டிக்கோடு இரண்டாம் கையாக ஒரு யோக்கும் (விமானத்தின் கைப்பிடிச் சக்கரம் போன்ற கருவி) வந்து சேர்ந்திருந்தது. கேரவனுக்கு ஒரு அமைப்பு, ஏர்பஸ்ஸுக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு முறையும் கையால் மாற்றி அலுத்துப்போனேன். அந்த வேலையை அது சுத்தமாகச் செய்தது. ஆனால் 2024 நவம்பரில் வந்த புதிய சிமுலேட்டரில் விமானத்துக்கு விமானம் தனி அமைப்பு வைக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஒன்றரை வருடம் உழைத்த காசு என்று நினைத்துக்கொண்டேன், வருத்தமில்லை. நீங்கள் இன்று புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் அதே காரணத்துக்காக அதை வாங்க வேண்டாம். சொந்தமாக சுவிட்சுப் பலகை கட்டும் எண்ணம் இருந்தால் மொபிஃப்ளைட் என்ற இலவச நிரலும் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றும் நெடுந்தூரம் கொண்டுபோகும்.

இன்னொரு அனுபவமும் சொல்ல வேண்டும். பழைய சிமுலேட்டர் ஒன்றுக்காக வாங்கிய ஒரு நிரல் (பெயர் வேண்டாம்), நான் புதிய சிமுலேட்டருக்கு மாறியதும் செத்துப்போனது. புதிய பதிப்புக்குத் திரும்பக் காசு கேட்டார்கள். இது ஏமாற்று அல்ல, உரிமப் பத்திரத்தில் எழுதித்தான் இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. வாங்குமுன் எந்த சிமுலேட்டருக்கு, எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள். சிமுலேட்டர் புதுப்பிக்கப்பட்ட முதல் சில நாட்களில் துணை நிரல்கள் தடுமாறுவதும் வழக்கம். வார இறுதிக்கென்று ஆசையாக வைத்திருந்த பறப்பு அப்படி இரண்டு தடவை கெட்டது.

வரைபடத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு அருகில் இருக்கும் இரத்மலானைக்கு நேர்கோடு ஏறத்தாழ 120 கடல் மைல். அந்தக் கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே மலைகளின் மேல் போகிறது. தாழ்வான முகிலுக்குள் நுழைந்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிப்பது நல்ல பழக்கம் அல்ல. லிட்டில் நவ்மேப் என்ற இலவச நிரலில் பாதையை வரைந்தால், கீழே மலைகளின் பக்கத்தோற்றம் வெட்டுமுகமாக வரும். எந்த உயரத்தில் போனால் தப்பலாம் என்று கண்ணாலேயே தெரியும். காசு கொடுத்து வாங்கிய எதையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான். பெரிய விமானங்களுக்கு எரிபொருள் கணக்கும் பாதைத் திட்டமும் வேண்டுமென்றால் சிம்பிரீஃப் இலவசம்.

நவிகிராஃப் சந்தா வேறு கதை. விமானப் பாதைத் தரவுகள் உலகமெங்கும் 28 நாட்களுக்கு ஒருமுறை, வருடத்துக்கு 13 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. அந்தப் புதுப்பிப்புக்கும் வரைபடங்களுக்கும்தான் அந்தச் சந்தா. வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் உண்மையான ஆட்கள் கட்டுப்பாட்டாளராக அமர்ந்திருக்கும் ஐரோப்பிய நிலையங்களுக்குப் பறக்கிறவருக்கு அது தேவைப்படும். அவர்கள் சொல்லும் பாதை உங்கள் கணினியில் இல்லாவிட்டால் அவமானம்தான். பலாலி, கட்டுநாயக்க, மத்தள என்று நம் நாட்டு நிலையங்களைத் தனியாகச் சுற்றுகிறவருக்குத் தேவையில்லை. வருடத்தில் ஒரு மாதம் மட்டும் எடுப்பதும் உண்டு. நான் அப்படித்தான், விடுமுறை மாதத்தில்.

கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் நிரல்களைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. சிமுலேட்டர் அமைப்பில் தரைக்காட்சியின் நுணுக்க அளவைக் கொஞ்சம் குறைத்தால் பெரும்பாலான திக்கல் போய்விடும். அந்த அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் இலவச நிரல்களும் உண்டு. இல்லாத வலுவை எந்த நிரலும் கணினிக்குக் கொடுக்காது. அந்தக் காசுக்கு நான் யூபிஎஸ்ஸை மாற்றினேன். பேராதனைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. தலை திரும்பும் பக்கம் காட்சியும் திரும்ப வேண்டுமா? சாதாரண வெப்கேமராவும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச நிரலும் போதும். முதல் நாள் தலை சுற்றும், மூன்றாம் நாள் அது இல்லாமல் வளைந்து இறங்க மனம் வராது.

வானிலை மென்பொருள்தான் எனக்கு இன்னும் தீராத வழக்கு. எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய மைக்ரோசொப்ட் சிமுலேட்டர் காலத்தில் அது இல்லாவிட்டால் வானம் வெறும் படம், அப்போது வாங்கியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். இப்போது சிமுலேட்டரே நேரடி வானிலையைக் கொண்டுவருகிறது. மேலும் இந்த நிரல்கள் பெரிதும் நம்பியிருப்பது விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலை அறிக்கைகளை. அறிக்கைகள் நெருக்கமாக இருக்கும் நாடுகளில் அவை நன்றாக வேலை செய்யும். இரு நிலையங்களுக்கு நடுவில் இருக்கும் இடங்களில் நிரல் ஊகித்து நிரப்புகிறது.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நான் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு அமர்கிறேன். சிமுலேட்டரில் நேரத்தை மட்டும் நண்பகலாக மாற்றினாலும், காற்று இரவுக் காற்றாகவே இருக்கிறது. இங்கே பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வந்து 06ஆம் ஓடுதளத்தில் (ஏறத்தாழ வடகிழக்கு நோக்கி) இறங்கும் விமானத்துக்கு எதிரே அடிக்கும். இரவில் அது அடங்கிக் கரைக்காற்று வரும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் நண்பகலோ முற்றிலும் வேறு உலகம். சூரியன் உச்சியில் எரிய, ஓடுதளத்தில் இலை அசையாத காற்றில் இறங்குவது இந்த ஊர்க்காரனுக்குப் பொய்யாகத் தெரிகிறது. கடந்த நாட்களின் வானிலையைத் திகதி, நேரம் கொடுத்துத் திரும்ப வரவழைக்கும் வசதி சில வானிலை நிரல்களில் இருக்கிறது. அன்று மதியம் அடித்த காற்றிலேயே இரவில் பறக்கலாம். இந்த ஒன்றுக்காகக் காசு கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

கொப்பியில் இந்த எரிச்சல் இதுவரை இரண்டு தடவை ஏறியிருக்கிறது. வாடைக்காற்றும் மழையும் தொடங்கட்டும், மூன்றாவது வரி அப்போது வருகிறதா என்று பார்க்கலாம்.